நன்னியின் கணக்கு நோட்டு



பெருநாள் அன்று உண்டு முடித்துப் பாய் விரித்து அமர்ந்தால், நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சு சிறிது நேரத்திலேயே பழைய காலத்திற்குத் திரும்பிவிடும். அன்று இருந்த ஒற்றுமை, அன்று இருந்த ஈமான், அன்று இருந்த பரக்கத் என்று பட்டியல் நீளும். மதரஸாவில் பாடம் நடத்தும் நாமும் இப்படிப் பலமுறை பேசியிருக்கிறோம். பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் 'அந்தக் கால'த்தைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறோம். அந்தச் சாட்சியை ஒருமுறை முழுமையாக விசாரிக்க நேர்ந்தது. அதனை வாசகர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

எம் ஊர் தஞ்சைத் தரணியில், வெண்ணாற்றுப் பாசனம் பெறும் வாய்க்கால் ஒன்றன் கரையில் இருக்கிறது. 1980களில் அங்கே சிறுவர்களாக இருந்த எங்களுக்கு நாள் என்பது பள்ளிவாசலின் நகராச் சத்தத்தில் தொடங்கும். ஒலிபெருக்கி அப்போதே வந்துவிட்டது. ஆனால் மின்சாரத்தை நம்ப முடியாது. மோதினார் நகராவைத் தட்டி ஓய்ந்த பின்னரே பாங்கு கேட்கும். ஹவுளில் விட்டிருந்த சிறு மீன்கள், ஒளூச் செய்யக் குனிந்தால் விரல் நுனியைக் கொத்திப் பார்க்கும். ஃபஜ்ருக்குப் பின் ஓதும் பள்ளி. ஓதி முடித்து வீடு திரும்பிப் பசியாறிய பிறகுதான் அரசுப் பள்ளிக்கூடம்.

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தார்கள் என்ற செய்தி வந்துவிட்டால் ஊரின் முகமே மாறும். வாய்க்காலில் புதுத் தண்ணீர் சருகுகளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். அதனுடன் ஓடியபடியே நாங்கள் மதகு வரை போவோம். குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லைக் கொண்டே ஆண்டை அளந்தோம்.

வீடுகளில் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் இடுவார்கள். அது பிடி அரிசி. வாரம் ஒருமுறை சாக்குடன் வீடு வீடாகச் சென்று அதனைத் திரட்டுவது எங்களைப் போன்ற சிறுவர்களின் வேலை. மதரஸாவில் தங்கி ஓதிய வெளியூர்ப் பிள்ளைகளின் உணவு அதனால் நடந்தது. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்தில் பாவா ஒருவர் தப்ஸ் தட்டிப் பாடியபடி தெருவில் வருவார். அஸருக்குப் பின் தூக்குச் சட்டியுடன் கஞ்சிக்கு வரிசை நிற்கும். அந்த வரிசையில் முஸ்லிம் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் நிற்பார்கள். திருமணங்களில் ஒரே சஹனைச் சுற்றி நால்வரும் ஐவரும் அமர்ந்து உண்பார்கள். பக்கத்தில் அமர்பவர் யார் என்று பார்த்து இடம் பிடித்ததாக எமக்கு நினைவில்லை.

இரவில் அரிக்கேன் விளக்கின் அருகே எம் நன்னி, அதாவது எம் தாயாரின் தாயார், ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். கை வலமிருந்து இடமாக நகரும். ஒருநாள் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டபோது, "கணக்குத்தான் அத்தா. எழுதி வைக்காம மறந்து போனா, நாளைக்கு அல்லாஹ்வுக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அந்த விடையை நாம் மறந்தோம். அதன் விளைவை இனிச் சொல்லப் போகிறோம்.

நன்னி 2001இல் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார். 2004இல் பாகப் பிரிவினைக்காகப் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தார்கள். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே கிழிந்த முஸ்ஹஃப் தாள்கள், ஒரு மவ்லிது கிதாபு, சணல் கயிற்றால் கட்டிய கடிதக் கட்டு, நீள நோட்டுகள் இரண்டு. இவற்றை என்ன செய்வது என்று பெரியவர்கள் எம்மிடம் கேட்டார்கள். நாம் ஓதி முடித்துப் பட்டயம் பெற்று ஊர் திரும்பியிருந்த காலம் அது. ஊரில் எமக்குப் புதிதாக ஒரு மதிப்பு ஏற்பட்டிருந்தது. அந்த மதிப்பை நாமும் விரும்பினோம்.

கடிதம் ஒன்றைப் பிரித்து அரபியாக வாசித்துப் பார்த்தோம். பொருள் விளங்கவில்லை. எமக்கு விளங்காததால் அதில் பொருளே இல்லை என்று முடிவு செய்தோம். "அரபு எழுத்து உள்ளவை, மிதிபடக் கூடாது. பள்ளிவாசலுக்குப் பின்னால் குழி தோண்டி அடக்கிவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்னோம். பழுதடைந்த முஸ்ஹஃப் தாள்களுக்கு அது சரியான சட்டம்தான். ஒரு பெண்ணின் அரை நூற்றாண்டு எழுத்துக்கு அது சரியான சட்டம் அன்று. அன்று அஸருக்குள் எல்லாம் மண்ணுக்குள் போயின.

எல்லாம் என்றே நாம் நினைத்திருந்தோம். 2019இல் எம் தாயார் நோயுற்றுத் தேறிய நாட்களில், அலமாரியின் அடியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்து எம் கையில் கொடுத்தார். பெட்டியை நாம் பார்ப்பதற்கு முன்பே இரண்டில் ஒன்றை அவர் எடுத்து வைத்திருக்கிறார். "எனக்குப் படிக்கத் தெரியாது. அம்மா கை பட்டது, அதான் எடுத்து வச்சேன். உனக்காச்சும் தெரியுமான்னு பாரு" என்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தாலும் எம்மிடம் விடை இருந்திருக்காது. அன்றும் இல்லை.

அது அரபுத்தமிழ். மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபியில் இல்லாத ட, ச, ப, ங, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காக, ஒத்த அரபு எழுத்துகளில் கூடுதலாகப் புள்ளிகளும் குறிகளும் இட்டு நம் முன்னோர் அமைத்துக்கொண்ட எழுத்துமுறை. எகர ஒகரங்களுக்கும் தனிக் குறிகள் உண்டு. தமிழகக் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டுச் சிற்றூர்களிலும் இலங்கையிலும் மார்க்கச் சட்ட நூல்கள், பாடல்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாம் இதில் எழுதப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் மார்க்கச் சட்டங்களை மக்களுக்கு எடுத்துரைக்க எழுதிய 'மஙானீ' இவ்வெழுத்தில் அமைந்த புகழ்பெற்ற நூல். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் இதன் உடன்பிறப்பாகிய அரபு மலையாளத்தை இன்றும் மதரஸாப் பிள்ளைகள் கற்கிறார்கள்.

நம்மிடம் இது ஏன் மறைந்தது? யாரும் தடுக்கவில்லை, தேவை குறைந்தது. அச்சுத் தமிழ் பரவியது. குர்ஆனின் பொருளும் மார்க்க நூல்களும் தமிழ் எழுத்திலேயே கிடைக்கத் தொடங்கின. பெண் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்தைக் கற்றார்கள். எம் தாயார் அந்தத் தலைமுறை. அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், நாளிதழ் படிக்கத் தெரியும். தம் தாயாரின் கையெழுத்து மட்டும் தெரியாது. பெண் கல்வி பெருகியது அல்ஹம்துலில்லாஹ் பெரும் பேறு. அந்தப் பேற்றினூடே ஓர் இழப்பு நடந்ததை எவரும் கவனிக்கவில்லை என்பதும் உண்மை.

எம் தெருவில் பெண் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் ஓதிக் கொடுத்து வந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். அவரிடம் போய் அமர்ந்தோம். அரபு எழுத்தும் தெரிந்து தமிழும் தெரிந்தவருக்கு இது கடினமானதன்று. இரண்டு வாரங்களில் தட்டுத் தடுமாறி வாசிக்க வந்துவிட்டது. இரண்டே வாரங்கள். அதற்காக ஒரு நோட்டும் ஒரு கட்டுக் கடிதமும் மண்ணுக்குள் போயின என்பதை எண்ணியபோது அந்த மூதாட்டியின் முன் தலை நிமிர இயலவில்லை. அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஒங்க நன்னி கையெழுத்து அழகு" என்று மட்டும் சொன்னார்.

நோட்டு 1951இல் தொடங்குகிறது. எம் நன்னா நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறிப் பினாங்குக்குச் சபுர் போன ஆண்டு அது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் வரை பல பத்தாண்டுகள் ஓடிய அந்தக் கப்பலின் பெயர், டெல்டா மாவட்டத்துச் சபுராளி வீடுகளில் உறவினர் பெயர் போலப் புழங்கியது. முதல் பக்கத்தில் கப்பல் புறப்பட்ட தேதியும், வீட்டில் இருப்பு இவ்வளவு நெல், இவ்வளவு ரூபாய் என்ற கணக்கும் உள்ளன. வேறொரு சொல்லும் இல்லை.

நன்னி மூன்று நாட்காட்டிகளை வைத்திருந்தார். நெல்லுக்குத் தமிழ் மாதம்: ஆடி, ஐப்பசி, தை. பிறப்புக்கும் மவுத்துக்கும் பிறை: நோன்பு மாதம், ஹஜ்ஜு மாதம். கப்பலுக்கும் மணியார்டருக்கும் ஆங்கிலத் தேதி. வயல் ஒரு காலத்திலும், மார்க்கம் ஒரு காலத்திலும், கடல் கடந்த கணவர் ஒரு காலத்திலும் வாழ, மூன்றையும் ஒரே நோட்டில் ஒருவர் பொருத்தி வைத்திருக்கிறார்.

எம் தாயார் பிறந்த நாள், பள்ளிக்கூடச் சான்றிதழில் சேர்க்கைக்காக எழுதிய ஏதோ ஒரு ஜூன் மாதத் தேதி. நோட்டில் 1955ஆம் ஆண்டின் பக்கத்தில், நோன்பு மாதம் பிறை 11, சஹருக்கு முன் என்று இருக்கிறது. அறுபத்து நான்கு வயதில் தாம் பிறந்த நேரத்தை அறிந்த எம் தாயார், அந்த வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று பழகிய கைக்கு நூறு பைசா ஒரு ரூபாய் என்பது எளிதாக வரவில்லை. பல மாதங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒத்துப் பார்த்திருக்கிறார். கடைக்காரரிடம் ஏமாறாமல் இருக்க ஒரு கிராமத்துப் பெண் தமக்குத் தாமே நடத்திய பாடம் அது.

கணவரின் கடிதம் வந்த நாட்களும் குறிக்கப்பட்டுள்ளன. உறையின் மேல் முகவரி வேறு எழுத்தில் இருந்தாலும், உள்ளே அரபுத்தமிழ்தான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ் எழுத்து அறியாத மனைவிக்குத் தமிழில் கடிதம் எழுதினால், அதனைப் படித்துச் சொல்ல இன்னொருவரிடம் போக வேண்டும். கணவன் மனைவிக்கு இடையிலான செய்தி முதலில் அயலார் காதில் விழும். அரபுத்தமிழ் அந்த மறைவைக் காத்தது. ஓதத் தெரிந்த பெண் தன் கடிதத்தைத் தானே படித்தாள். தானே பதில் எழுதினாள். ஒரு கடிதத்தைப் பற்றி நன்னி இப்படிக் குறித்திருக்கிறார்: "காயிதம் வந்தது. சுகம் என்று எழுதியிருக்கிறார். கையெழுத்து சுகமாக இல்லை."

நாம் மண்ணுக்குள் அனுப்பிய கட்டில் இருந்தவை இந்தக் கடிதங்கள்தாம்.

இனி, 'அந்தக் காலம்' என்று நாம் அழைத்த சாட்சி உண்மையில் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம்.

பிடி அரிசி நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் எத்தனை பிடி என்ற கணக்கு உண்டு. சில வாரங்களில் அரைப் பிடி. சில வாரங்களில் "பிடி இல்லை. உலையும் இல்லை." இவ்வரி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சம்பா அறுவடைக்கு முந்தைய மாதங்கள் அவை. ஆறு மா நிலமும், மலேயாவில் கணவரும் இருந்த வீட்டின் நிலை இது. நிலமும் மணியார்டரும் இல்லாத வீடுகளின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அன்று பரக்கத் இருந்தது என்று நாம் பேசியபோது இந்தப் பட்டினி நம் கணக்கில் வரவே இல்லை.

1953இல் ஒரு பக்கம். இரண்டு வயது மகனுக்குக் காய்ச்சல் என்று தொடங்குகிறது. அடுத்த நாள் வைத்தியருக்கு 8 அணா. அதற்கடுத்து மவுத்து என்ற சொல்லும், பிறையும், பிள்ளையின் பெயரும். அதன் கீழே: "பால் கணக்கு நிறுத்தம்." தமக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதை எம் தாயார் அறிவார், அவருடைய பெயரை அன்றுதான் அறிந்தார். செய்தி பினாங்குக்குப் போய்ப் பதில் வர ஒரு மாதத்திற்கு மேலாகியிருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் நோட்டில் வரவு செலவு தவிர ஒன்றுமில்லை.

ஒற்றுமையைப் பற்றியும் நோட்டு பேசுகிறது. 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினம் கரையைத் தாக்கிய பெரும் புயல் எம் ஊரையும் விடவில்லை. "காற்று. கூரை போனது. தென்னை 4. எல்லாரும் பள்ளிவாசலில். கீழத்தெருவாரும்" என்று எழுதியிருக்கிறார். கீழத்தெருவார் எங்கள் வயல்களில் நட்டும் அறுத்தும் வாழ்ந்த, முஸ்லிம் அல்லாத உழைப்பாளிகள். புயல் இரவில் பள்ளிவாசல் அவர்களுக்கும் கதவு திறந்தது என்பதை வாசித்து மகிழ்ந்தோம்.

சில பக்கங்கள் தள்ளி இன்னொரு வரி: "கீழத்தெருக் கூலி ஆளுக்கு அரை மரக்கால் குறைத்து அளந்தார்கள். ஊர் முடிவு. மனசு சரியில்லை." தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்கள் முறையான கூலி பெற வேண்டும் என்று அரசு 1952இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்த காலம் அது. எம் ஊரும் அதற்கு விலக்கன்று. புயலுக்குக் கதவு திறந்த அதே ஊர், அறுவடைக் களத்தில் அரை மரக்கால் குறைத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைப்பது நினைவாகாது, அது புகழுரை.

இதே நோட்டில், 1958 ஐப்பசியில், எம்மை இன்றளவும் உறங்கவிடாத வரி இருக்கிறது. அவ்வாண்டு மணியார்டர் சில மாதங்களாக வரவில்லை. ஒரு பெண்ணின் பெயர், நடவுக்காரர், கீழத்தெரு, "குறுவைக் கூலி நெல்லில் அரைக் கலம் கடனாகக் கொடுத்தது. கேட்காமலே கொடுத்தது."

பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆக ஆறு மரக்கால் நெல். ஓர் உழைப்பாளிப் பெண், தம் கூலியில் மிச்சம் பிடித்த நெல்லை, நிலமுடைய வீட்டின் பெண்ணுக்குக் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அடுப்பில் புகை வராததைக் கண்டிருக்க வேண்டும். கூலியில் அரை மரக்கால் குறைத்த ஊருக்குள் அந்த நெல் வந்தது.

நன்னி ஒரு முறை வைத்திருந்தார். கடன் தீர்ந்தால் அந்த வரியின் மேல் ஒரு கோடு. நோட்டு முழுவதும் அந்தக் கோடுகள் உள்ளன. இந்த வரியின் மேல் கோடு இல்லை. நோட்டு 1961இல் முடிகிறது. கடைசிப் பக்கத்தில், "பாக்கி அடுத்த நோட்டில்" என்று இருக்கிறது.

அடுத்த நோட்டை நாம் அடக்கம் செய்துவிட்டோம்.

அரைக் கல நெல்லை நன்னி பின்னர் திருப்பிக் கொடுத்தாரா? அவருடைய நேர்மையை அறிந்த எங்களுக்குக் கொடுத்திருப்பார் என்றே தோன்றுகிறது. தோன்றுவது சாட்சியாகாது. சாட்சி சொல்ல வேண்டிய ஏட்டை எம் அறியாமை மண்ணில் புதைத்தது. 1960களின் நடுவில் வந்த அரிசித் தட்டுப்பாடு, ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 என்று புது நெல் வயலுக்கு வந்த ஆண்டுகள், 1969க்குப் பின் மலேசியாவில் வேலை அனுமதி கடுமையாகி எம் நன்னா நிரந்தரமாக ஊர் திரும்பியது, 1970களில் அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குப் புறப்பட்டது, கடிதங்களின் இடத்தில் ஒலிநாடாக்கள் வந்தது என்று எத்தனையோ அதில் இருந்திருக்கும். வரலாற்றுக்கு அது இழப்பு. ஆயினும் எமக்கு அதனினும் பெரிது அந்தக் கடன்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மதரஸாப் பிள்ளைகளிடம் கேட்டால், தொழுகை என்பார்கள், நோன்பு என்பார்கள். சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படையலாகாது என்று அது அறிவுறுத்துகிறது. நாம் இந்த வசனத்தை ஆண்டுதோறும் விளக்கி வந்திருக்கிறோம். பட்டயம் எதுவும் இல்லாத ஒரு பெண் அரிக்கேன் விளக்கடியில் அதன்படி வாழ்ந்திருக்கிறார். பட்டயம் பெற்ற பேரன் அந்த எழுத்தை அடக்கம் செய்திருக்கிறான். இறந்தவரின் கடன் தீர்ந்த பிறகே வாரிசுகள் பங்கு பிரிக்க வேண்டும் என்பது சூரா அந்நிஸாவில் உள்ள சட்டம். 2004இல் எங்கள் குடும்பம் பங்கு பிரித்தது. கடன் உண்டா என்று தேடிய எவரும் இல்லை. தேடக்கூடிய ஒரே ஏடு அன்றுதான் குழிக்குள் போயிற்று.

குடும்பத்தார் கூடிப் பேசினோம். அறுபது ஆண்டுக் கதையை இப்போது கிளறுவானேன் என்றார் ஒருவர். தீர்க்கப்பட்ட கடனையே இரண்டாம் முறை கொடுப்பதாகவும் இருக்கலாமே என்றார் இன்னொருவர். எம் தாயார் அதுவரை பேசவில்லை. "ரெண்டு தடவ கொடுத்தா நமக்கு நட்டம் அரைக் கலம். ஒரு தடவையும் கொடுக்கலேன்னா எங்க அம்மாவுக்கு நட்டம் எவ்வளவு?" என்று கேட்டார். அத்துடன் பேச்சு முடிந்தது.

கீழத்தெருவில் அந்தப் பெண்ணின் பேரர் இருந்தார். நடுத்தர வயதினர், சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுகிறார். செய்தியைச் சொன்னோம். அவர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்கு பாய்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "எங்க ஆயா பேரு அதுல எழுதியிருக்கா?" என்று கேட்டார். ஆம் என்றோம். அவரிடம் பட்டா இல்லை, பிறப்புச் சான்று இல்லை, புகைப்படமும் இல்லை. தம் ஆயாவின் பெயர் எழுதிய தாள் ஒன்றைக்கூட அவர் கண்டதில்லையாம். "ஒரு தடவ படிங்க பாய்" என்றார். படித்தோம். 'கேட்காமலே கொடுத்தது' என்ற இடத்தில் நிறுத்தி மீண்டும் படிக்கச் சொன்னார். பின்னர் தம் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நெல்லை வாங்க மறுத்தார். தானமாகத் தரவில்லை, எம் நன்னியின் கணக்கு நேராக வேண்டும் என்று எடுத்துச் சொன்ன பிறகே இசைந்தார். அளப்பதற்கு இரு வீட்டிலும் மரக்கால் இல்லை. பள்ளிவாசல் அறையில் பழைய மரக்கால் ஒன்று கிடந்தது. அதனைத் துடைத்து எடுத்துச் சென்று, தலை தட்டாமல், குவித்து ஆறு முறை அளந்தோம். குறைத்து அளந்த அரை மரக்கால்களுக்கு எங்களிடம் பட்டியல் இல்லை. புதைந்த நோட்டில் இருந்திருக்கக்கூடிய கடன்களுக்கும் பட்டியல் இல்லை. உரியவர் யாரெனத் தெரியாத கடனுக்கு, அவர்கள் பேரால் தர்மம் செய்து, உரியவர் வந்தால் கொடுப்பது என்று உறுதி கொள்ள மார்க்க அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தார் அவ்வாறே செய்தோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

வீடு திரும்பியதும் எம் தாயார் நோட்டைக் கேட்டு வாங்கினார். பேனாவை எடுத்து, அந்த வரியின் மேல் கோடு போட்டார். அவருக்கு அந்த எழுத்து தெரியாது; எந்த வரி என்பதை மட்டும் எம்மிடம் கேட்டுக்கொண்டார்.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! அந்தக் காலம் இனியதா, கொடியதா என்று நாம் இப்போது வாதிடுவதில்லை. நகராவும், ஹவுள் மீன்களும், ஒரே சஹனும் உண்மை. பட்டினியும், பால் கணக்கு நின்றதும், குறைத்து அளந்த மரக்காலும் உண்மை. நம் முன்னோர் இவை அனைத்திற்குமிடையே கணக்கு வைத்து வாழ்ந்தார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது அந்தக் கணக்குணர்வே.

உங்கள் வீட்டுப் பரணில், அலமாரியில், ஊர் வீட்டுப் பெட்டியில் பழைய தாள்கள் இருக்கலாம். அரபு எழுத்தாக இருந்து அரபியாகப் பொருள் படவில்லை என்றால், அது அரபுத்தமிழாக இருக்கக்கூடும். அடக்கம் செய்வதற்கு முன் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஊரில் அத்தகைய மூதாட்டியோ முதியவரோ இன்னும் இருந்தால், இந்த வாரமே சென்று அமருங்கள். அரபு எழுத்து அறிந்த பிள்ளைகளுக்கு இது இரண்டு வாரப் பாடம். எம் மதரஸாவில் விடுமுறை நாட்களில் இப்போது அதனைச் சொல்லிக் கொடுக்கிறோம். முதல் பாடம் நன்னியின் கணக்கு நோட்டிலிருந்து. எமக்குக் கற்றுக் கொடுத்த மூதாட்டி அதனைக் கேள்வியுற்று மகிழ்ந்த சில மாதங்களில் மறைந்தார்.

யா அல்லாஹ், எங்களுக்கு முன் சென்றவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. அவர்கள் தீர்க்காது விட்டவற்றைத் தீர்க்கும் ஆற்றலை எங்களுக்குத் தருவாயாக. அறியாமல் நாங்கள் அழித்தவற்றுக்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.